மாமனாருக்கு ராஜபாளையம், மகனுக்கு ராட்வைலர்: குலசேகரம் பக்கம் ஒரு வீடு பெரிய நாயைத் தேர்ந்தெடுத்த விதம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கும் திற்பரப்புக்கும் இடையில், ரப்பர் விளையை (தோட்டத்தை) ஒட்டிய ஒரு வீட்டுக்காரர்கள் பெரிய நாய் ஒன்று வாங்க வேண்டும் என்று யோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். வரும்போதே ஆளுக்கொரு இனத்தின் பெயர் கையில் இருந்தது. கடைசியில் வீட்டுக்கு வந்த நாய் அந்தப் பெயர்களில் எதுவுமே இல்லை. எந்த இனம் எதனால் கழிந்தது, வந்த நாய் எப்படிப் பொருந்தியது என்பதை அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. இந்தப் பக்கத்தில் கால்நடை மருத்துவம் பார்க்கும் எனக்கு, ஆசையோடு வாங்கிய பெரிய நாய் ஒன்றரை வயதில் கொல்லைப்புறத்துச் சங்கிலியில் நிரந்தரமாகக் கிடப்பதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு நோயும் இல்லை, கெட்ட குணமும் இல்லை. வீட்டில் அதைப் பிடித்து நடத்த ஆள் இல்லை, அவ்வளவுதான். இனத்தை முதலில் முடிவு செய்துவிட்டு வீட்டைப் பிறகு பார்ப்பதால் வருகிற வினை இது. வீட்டில் யாருடைய பிடி மிகவும் தளர்ந்ததோ, அவரை வைத்துத்தான் நாயின் அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வீடும் ஆட்களும்

மாமனாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. முன்பு அவரே ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், இப்போது வெட்டுக்காரர் ஒருவர் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வருகிறார். மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. மருமகள் அரசுப் பள்ளி ஆசிரியை. ஊரில் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அவருடைய கணவருக்கு வளைகுடாவில் வேலை, வருடத்தில் ஒரு மாதம்தான் வீட்டில் இருப்பார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகன். இவர்களோடு மணி என்ற நாடன் (நாட்டு இன) பெண் நாய், ஒன்பது வயது.

பெரிய நாய் யோசனை வந்தது ஷீட் உலர்த்தும் கொட்டகையிலிருந்து. இரண்டு தடவை ரப்பர் ஷீட் திருட்டுப் போனது. வீட்டில் வயதானவர்களும் பெண்களும் குழந்தைகளும் மட்டும் இருப்பதை நினைத்து, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குத் தூக்கம் வரவில்லை. ராட்வைலர் வாங்கச் சொன்னார், அதுவும் ஆண் நாய். மாமனாருக்கு ராஜபாளையம்தான் வேண்டும். "எனக்க அப்பா வளத்தது அதுதான் டாக்டரே. ஒருத்தனும் விளையில கேறமாட்டான்" என்றார். பேரன் வீடியோவில் கிரேட் டேனைப் பார்த்திருக்கிறான், அவனுக்கு அதுவே போதும். பேத்திக்கு முதலில் செயின்ட் பெர்னார்ட் மேல்தான் ஆசை. டீச்சர் எந்த இனத்தையும் சொல்லவில்லை. "யார் பார்த்துக்கிறது, அதைச் சொல்லுங்க சார்" என்று மட்டும் கேட்டார். அன்று அங்கே பேசப்பட்டதில் முக்கியமான கேள்வி அதுதான்.

காவல் என்றால் எது?

நான் முதலில் பேசியது நாயைப் பற்றி இல்லை. ஒரு நாளில் அந்த வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று டீச்சரிடம் எழுதித் தரச் சொன்னேன். வெட்டுக்காரர், காலையில் பைக்கில் சாளையும் நெத்தலியும் கொண்டு வரும் மீன்காரர், பால் எடுக்க வருபவர், மாலையில் டியூஷனுக்கு வரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், சுயஉதவிக் குழுப் பெண்கள், வாரம் ஒருமுறை ஷீட் எடுக்க வரும் வியாபாரி. இவ்வளவு பேர் வந்துபோகிற புரையிடத்தில் (வீட்டு வளாகத்தில்), அந்நியரைக் கண்டாலே பாய்கிற நாய் காவலுக்கு உதவாது. தினமும் யாராவது ஒருவர் ஓடிப் போய் அதைக் கட்ட வேண்டியிருக்கும். நாலு நாள் கட்டுவார்கள், ஐந்தாம் நாள் முதல் அது கட்டியபடியே கிடக்கும்.

அந்த வீட்டுக்குத் தேவை, இருட்டில் யாராவது காலடி வைத்தால் கனத்த குரலில் குரைத்து ஆட்களை எழுப்புகிற நாய். கடிக்கிற நாய் தேவையில்லை. குரைக்கும் வேலையை மணி இத்தனை வருடமாகச் செய்துதான் வந்தது. இப்போது காது மந்தம், இரவெல்லாம் நல்ல உறக்கம். பெரிய நாயின் குரலுக்கும் உருவத்துக்கும் தனி மதிப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. திருட வருகிறவன் நாயின் சுபாவத்தை ஆராய்ந்து பார்த்துவிட்டு உள்ளே நுழைவதில்லை.

அடுத்ததாக மாமியார் நடக்கும் வழியைப் பார்த்தேன். அடுக்களைப் பின்வாசலிலிருந்து கிணற்றடி வரை, பின் திண்ணை, மழமழவென்ற டைல்ஸ் போட்ட முன்னறை. முப்பது கிலோ குட்டி ஒன்று பிரியத்தில் மேலே தாவினால் அவர் விழுவார். முழங்கால் அறுவை முடிந்த அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய நாய் என்றதும் கடியைப் பற்றி மட்டுமே பயப்படுகிறோம். முதியவர்கள் உள்ள வீட்டில் நான் அதைவிடப் பயப்படுவது விழுவதைப் பற்றித்தான்.

கழிந்த இனங்கள்

கிரேட் டேனும் செயின்ட் பெர்னார்டும் சீக்கிரமே கழிந்தன. இரண்டும் ஐம்பது அறுபது கிலோவுக்கு மேல் போகும், ஆயுளும் பெரும்பாலும் எட்டுப் பத்து வருடம்தான். உணவுக் கணக்கைப் பேரனையே போடச் சொன்னேன். 30 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 350 கிராம் உலர் தீனி போதும், 65 கிலோ நாய்க்கு அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உண்ணி மாத்திரையும் பூச்சி மருந்தும் எடையைப் பார்த்துத்தான் கொடுக்கிறோம், அந்தச் செலவும் கூடவே ஏறும்.

செலவைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றியது வயிறு முறுக்கிக்கொள்ளும் நோய். நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு, கிரேட் டேனுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக, இரைப்பை காற்றால் உப்பித் திருகிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயலும், எதுவும் வராது, வயிறு விறைத்து நிற்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் நாய் பிழைக்காது. நடுராத்திரியில் அறுவை என்றால் நாகர்கோவிலுக்கு ஓட வேண்டும், அங்கேயும் ஆகாவிட்டால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி, நூறு கிலோமீட்டருக்கு மேல். அறுபது கிலோ நாயை அந்த வீட்டில் யார் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவது? இதைக் கேட்டதும் பேரன் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

செயின்ட் பெர்னார்டுக்கு நம் ஊர்க் காற்றே எதிரி. நாய் உடம்புச் சூட்டைக் குறைப்பது மூச்சிரைத்துத்தான், நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூடு இறங்கும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அது எளிதில் ஆவியாகாது. குமரி மாவட்டத்து வெயில் வேலூர் வெயில் அளவு சுடுவதில்லை என்பதால் இங்கே அடர்ரோம நாய்கள் சமாளித்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். புழுக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. போதாததற்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு. நனைந்த ரோமம் நாள் கணக்கில் காயாமல் தோலில் பூஞ்சை பிடிக்கும். ஜெர்மன் ஷெப்பர்டையும் இதற்காகவே பின்னுக்குத் தள்ளினேன். அதன் இடுப்பு மூட்டுக் கோளாறு இன்னொரு காரணம்.

ராட்வைலரைப் பற்றி வெளிநாட்டில் இருந்த மகனோடு வீடியோ அழைப்பில் வெகுநேரம் பேசினேன். மோசமான இனம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அனுபவப்பட்ட ஒருவர் தினமும் கூட இருந்து பழக்கினால் அருமையான நாய். வளர்ந்த ஆண் ஐம்பது கிலோவைத் தொடும். டீச்சரின் எடை ஐம்பத்திரண்டு. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனையைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில் ராட்வைலரும் இருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்து செய்ததையும் அவரிடம் சொன்னேன். சட்டம் எப்படிப் போனாலும் சரி, டியூஷனுக்கு வரும் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் வளைகுடாவில் இருக்க மாட்டார், டீச்சர்தான் நிற்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சரி டாக்டர், அவ என்ன சொல்லுறாளோ அது" என்றார்.

ராஜபாளையம் போய் வந்தது

மாமனாரின் விருப்பத்தை அப்படித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் மண்ணில், நம் வெயிலில் உருவான நாய் அது. அறுபத்தைந்து முதல் எழுபத்தைந்து சென்டிமீட்டர் உயரம், வற்றிய வயிறு, குட்டை ரோமம், மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். இதற்குள் பேத்தியும் தாத்தா பக்கம் சாய்ந்துவிட்டாள். அஞ்சல் துறை 2005 ஜனவரியில் நாய்களுக்காக வெளியிட்ட நான்கு தபால்தலைகள் அவள் ஆல்பத்தில் இருந்தன. முதோல், ராம்பூர், இமாலய ஆட்டுக்காவல் நாய், நான்காவதாக ராஜபாளையம்.

தாத்தாவும் பேத்தியும் குட்டி பார்க்கப் புறப்பட்டபோது ஒரு வேலை சொல்லி அனுப்பினேன். முழு வெள்ளை ரோமமும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. ராஜபாளையத்திலும் இது தெரிந்த விஷயம். கூட்டமாக இருக்கும்போது ஒரு குட்டி திரும்பினால் அதைப் பார்த்து மற்றதும் திரும்பும், செவிடு வெளியே தெரியாது. அதனால் குட்டியைத் தனியாக எடுத்து, அது பார்க்காத பக்கம் நின்று சத்தம் எழுப்பச் சொன்னேன். கை தட்டினால் காற்று மேலே படும், அதனால் சாவிக்கொத்து போதும்.

பேத்தி அதை ஒழுங்காகச் செய்திருக்கிறாள், வீடியோவும் எடுத்திருக்கிறாள். நான்கு குட்டிகள். மூன்று சாவிச் சத்தத்துக்குச் சட்டென்று தலையைத் தூக்கின, ஒன்று குரைக்கவும் செய்தது. நாலாவது, இருப்பதிலேயே கொழுகொழுவென்று இருந்தது, தாத்தா முதலில் கையில் எடுத்ததும் அதைத்தான். கோணிச் சாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தது. சாவி முதுகுக்குப் பின்னால் சிமென்ட் தரையில் விழுந்தது. காது அசையவில்லை, கடிப்பதும் நிற்கவில்லை. மறுபடி போட்டாள், அப்போதும் அப்படியே. குட்டிகளுக்கு ஆறு வாரம்கூட முடியவில்லை என்பதையும் தாத்தா கேட்டுத் தெரிந்துகொண்டார். எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் அந்தக் கடைசி வாரங்களில்தான், கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. வெறுங்கையோடு திரும்பினார்கள்.

காது கேட்கும் மற்ற குட்டிகளில் ஒன்றை எட்டு வாரம் முடிந்ததும் எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். எடுத்திருக்கலாம்தான். ஆனால் அந்தப் பயணத்தில் அங்கிருந்த பெரிய நாய்களையும் பார்த்தார்கள். வளர்த்தவரைத் தவிர யாரையும் கிட்டே விடவில்லை. ஒரு ஆளிடம் ஒட்டிக்கொள்வது, மற்றவரைச் சந்தேகிப்பது, ஓடுவதைத் துரத்துவது எல்லாம் அந்த இனத்தின் ரத்தத்தில் உள்ளவை. அதை வைத்திருக்க நல்ல வேலியும், தினமும் அதை ஓட விடுகிற கால்களும் வேண்டும். இவர்கள் புரையிடத்தின் கீழ்ப்பக்கம் வேலி இல்லாமல் ஏலா (வயல்வெளி) வரை திறந்து கிடக்கிறது. "வெட்டுக்காரனையும் மீன்காரனையும் அது விடாது" என்று மாமனாரே சொல்லிவிட்டார். என் வாயிலிருந்து வந்திருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

வளர்ந்த நாய்

அதன் பிறகுதான் நான் குட்டியே வேண்டாம் என்று சொன்னேன். பெரிய இனக் குட்டி ஆறு மாதத்திலேயே இருபது கிலோவைத் தாண்டும், புத்தி மட்டும் குட்டிப் புத்தியாக இருக்கும். மாமியாருக்கு ஆபத்தான காலம் அதுதான். எலும்பு வளரும் அந்த மாதங்களில் கால்சியம் சிரப்பை ஊற்றி ஊற்றி மூட்டைக் கெடுத்துக்கொண்டு வரும் குட்டிகளையும் நான் நிறையப் பார்க்கிறேன். வளர்ந்த நாய் என்றால் உயரம், எடை, குணம் மூன்றையும் கண்ணால் பார்த்தே எடுக்கலாம். நம் மாவட்டத்தில் குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்கள் நிறைய, நல்ல நாய்களுக்கு இடம் தேடுகிறவர்களும் நிறைய.

மார்த்தாண்டம் பக்கம் அப்படி ஒரு வீட்டில் ரோசி இருந்தது. மூன்று வயது லாப்ரடார், பெண், 31 கிலோ. டீச்சர் மாமியாரையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார், நானும் போனேன். உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது மாமியாரின் ஊன்றுகோல் கை நழுவித் தரையில் விழுந்தது. ரோசி துள்ளி நாலடி பின்வாங்கியது. குரைக்கவில்லை. கொஞ்சம் கழித்துத் தானாக வந்து கோலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முகர்ந்துவிட்டு, மாமியாரின் காலடியில் உட்கார்ந்தது. பயந்த நாய் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்பதைத்தான் நான் எப்போதும் பார்ப்பேன். அது சாப்பிடும்போது தட்டுப் பக்கம் போனோம், உறுமல் இல்லை. மாமியார் எழுந்தபோது வழியை விட்டு விலகிக்கொண்டது.

குணம் சரியாக இருந்ததால் உடம்பைப் பார்த்தோம். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு நன்றாக இருந்தது. ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) குறைவு, உண்ணிக் காய்ச்சலின் தடயம். நான்கு வாரம் மருந்து கொடுத்து, உடம்பில் ஓர் உண்ணிகூட இல்லை என்று உறுதி செய்த பிறகே கொண்டுவரச் சொன்னேன். இல்லையென்றால் அந்த உண்ணிகள் நேராக மணி மேல் ஏறியிருக்கும்.

மணியைச் சமாதானப்படுத்துவதுதான் நான் கவலைப்பட்ட விஷயம். ஒன்பது வருடமாக அது ஆண்ட வீடு. முதல் சந்திப்பை வீட்டில் வைக்காமல் சர்ச் மைதானத்தை ஒட்டிய ரோட்டில் வைத்தோம். மணியின் கயிறு பேத்தியிடம், ரோசியின் கயிறு டீச்சரிடம். ரோட்டின் இரண்டு ஓரமாக, ஒரே திசையில் நடக்கச் சொன்னேன். நேருக்கு நேர் நிறுத்தினால் சண்டை மூளும். மணிக்கு முதுகு ரோமம் வால் வரை நட்டுக்கொண்டு நின்றது, உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டியது. ரோசி ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, ரோட்டோரப் புல்லை முகர ஆரம்பித்தது. உன்னோடு எனக்குச் சண்டை இல்லை என்று நாய்கள் அப்படித்தான் சொல்லிக்கொள்ளும். திரும்பி வரும்போது மணியின் ரோமம் பாதி அடங்கியிருந்தது. சில நாள் இதே நடையை நடந்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டோம். சாப்பாடு இன்றுவரை தனித்தனி, மணிக்குப் பின் திண்ணையில், ரோசிக்குக் கொட்டகையில்.

முதல் ஆறு மாதம்

எல்லாம் சுமுகமாகப் போனது என்று எழுத முடியாது. ஜூன் மழையில் ரோசிக்கு இரண்டு காதும் கெட்டுப்போனது. லாப்ரடாரின் தொங்கிய காதுக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து, காப்பி நிறத்தில் அழுக்கு, புளித்த வாடை. குளிர் நீரில் நீந்தி வேலை செய்ய வளர்க்கப்பட்ட இனம், அதன் இரட்டை ரோமமும் நம் மழைக்குச் சிரமம்தான். லாப்ரடாரைச் சொல்லும்போதே இதைச் சொல்லியிருந்தேன். இப்போது நனைந்தால் உடனே துணியால் காதைத் துவட்டுவது பேத்தியின் பொறுப்பு. நடை காலை ஏழு மணிக்கு முன் முடிந்துவிடும்.

எடையும் ஏறியது. சக்கைக் (பலாப்பழக்) காலத்தில் மரத்தடியில் விழுகிற பழத்தை அது தின்றது, மிச்சத்தைப் பேரன் ஊட்டினான். 31 கிலோ 35 ஆனது. லாப்ரடார்களில் கணிசமானவற்றுக்கு, வயிறு நிறைந்த உணர்வோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் காட்டினார்கள். அதன் பசியை நம்பித் தீனி போட்டால் கணக்கே இருக்காது. அளவுக் கோப்பை வாங்கச் சொன்னேன், 33-க்கு இறங்கியிருக்கிறது.

விளையில் வேறு ஆபத்துகளும் உண்டு, எதையும் வாயில் வைக்கும் நாய்க்குக் கூடுதலாக. ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிட் கேன் கொட்டகைத் தரையில் இருந்தது, அதை உயரத்தில் ஏற்றி வைத்தார்கள். பால் ஊற்றி வைத்த தட்டுகள் இருக்கும் அறைக்குக் கதவு போட்டார்கள். மரச்சீனித் (மரவள்ளிக் கிழங்கு) தோலைக் கொல்லையில் வீசுவதை மாமியார் நிறுத்தினார், பச்சைத் தோலில் சயனைடு உண்டு. எலி மூத்திரம் வழி பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் மழைக்காலத்தில் வருமென்பதால் அந்தத் தடுப்பூசியும் வெறிநோய்த் தடுப்பூசியும் இரண்டு நாய்களுக்கும் போட்டாயிற்று.

காவல் விஷயம் வெளிநாட்டில் இருக்கும் மகன் எதிர்பார்த்தபடி இல்லை, டீச்சர் எதிர்பார்த்தபடி இருக்கிறது. வெட்டுக்காரரைத் தெரிந்துகொண்ட பிறகு ரோசி அவருக்கு வாலை ஆட்டுகிறது. நேரம் தப்பி யாராவது வந்தாலும், கீழே ஏலாவில் காட்டுப்பன்றி இறங்கினாலும் அடிவயிற்றிலிருந்து குரைக்கிறது. அதைக் கேட்டு மணியும் எழுந்து சேர்ந்துகொள்கிறது. ஷீட் அதன் பிறகு போகவில்லை. கொட்டகைக்குப் பூட்டும் விளக்கும் போட்டிருக்கிறார்கள், அந்தப் பெருமை முழுவதையும் நான் நாய்க்குக் கொடுக்க மாட்டேன். மாமியார் ஒரு தடவையும் விழவில்லை. எனக்கு அதுதான் பெரிய கணக்கு.

போன வாரம் தடுப்பூசிக்கு வந்தபோது மாமனார் தனியாக ஒரு வார்த்தை கேட்டார். கீழ்ப்பக்கம் கம்பி வேலி போட ஆள் பேசியிருக்கிறாராம், இனியாவது ஒரு ராஜபாளையம் எடுக்கலாமா என்றார். மணி இருக்கும்வரை மூன்றாவது நாய் வேண்டாம், பேரனுக்குப் பத்து வயது ஆகட்டும், அப்போது எட்டு வாரம் முடிந்த, சாவிச் சத்தத்துக்குத் திரும்புகிற குட்டியாகப் பார்ப்போம் என்றேன். வேலி நாலரை அடி போதுமா என்று கேட்டார். ஆறடி போடச் சொல்லியிருக்கிறேன்.